பால் காய்ச்சின வள்ளம்

உந்தப் பையை எடுங்கோ பிள்ளை. ஆக்கள் இருக்கிற கதிரையில பையை இருத்தி வைச்சால் நான் எங்க இருக்கிறது? சரி, சரி, மன்னிப்பெல்லாம் வேண்டாம், தள்ளி இருந்தால் போதும். தமிழ்தானே? முகத்தைப் பாக்கவே தெரியுது. கைக்கு என்ன நடந்தது? கத்தியோ? வெங்காயம் வெட்டினனீங்களோ? இந்தக் காலத்துப் பிள்ளையளுக்கு ஒரு வெங்காயம் வெட்டத் தெரியாது. கோபிக்காதேங்கோ, நான் உள்ளதைச் சொல்லுற ஆள்.

அங்க யன்னல் பக்கம் பாருங்கோ. நீலச் சேட்டு. உப்பிடி உத்துப் பாக்காதேங்கோ, அவனுக்குப் பிடிக்காது. ரெண்டு கையிலயும் தோல் நிறத்தில இறுக்கமாக் கையுறை போட்டிருக்கிறான் பாருங்கோ, அவன் என்ர தம்பி. தயாபரன் எண்டு பேர். நாங்கள் ஒண்டாத்தான் வந்தனாங்கள். அவன்ர பெண்சாதி சுகிர்தா வேலைக்குப் போற வழியில ரெண்டு பேரையும் வாசலில இறக்கி விட்டவள். திரும்பிப் போறது பஸ்ஸில.

பிறகேன் அவன் அங்க, நான் இஞ்ச எண்டுதானே பாக்கிறியள்? அவன் என்னோட கதைக்கிறேல்லை. மே மாசத்தில இருந்து ஒரு சொல்லு இல்லை. இப்ப செப்டெம்பர். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை. நான் கேட்டால் சுகிர்தாவின்ர முகத்தைப் பாப்பான், அவள் பதில் சொல்லுவாள். நான் வளத்த பிள்ளை, பிள்ளை. அம்மா போகேக்க அவனுக்கு ஏழு வயசு, எனக்குப் பத்தொன்பது. எனக்கு வந்த ரெண்டு கலியாணத்தையும் இவனுக்காக வேண்டாமெண்டு விட்டனான். அவனுக்கு அது தெரியும். மாசத்துக்கு ஒருக்கா நான் ஞாபகப்படுத்துறனான்.

எல்லாத்துக்கும் காரணம் ஒரு வெள்ளையன். கோர்டன் எண்டு ஒருத்தன். எழுபத்தாறு வயசு, வெள்ளைத் தாடி, பாக்கக் கோயில் ஐயர் மாதிரி. ஆனா மனம் முழுக்க நஞ்சு. அவன் வித்த வள்ளத்தாலதான் என்ர தம்பியின்ர கை இப்பிடிக் கிடக்கு. கேளுங்கோ. உங்களைக் கூப்பிட இன்னும் நேரம் கிடக்கு, இந்தக் கைவைத்தியக்காரர் ஒரு நாளும் சொன்ன நேரத்துக்குக் கூப்பிடமாட்டினம்.

போன வருசம் ஒக்ரோபரில தொடங்கினது. தம்பி பின்னேரம் வேலையால வந்தால் போனில போட் படம் பாப்பான். புதுசு இல்லை, ஆரோ பாவிச்சு விக்கிறது. என்னடா எண்டு கேட்டால், சும்மா அக்கா, எண்டுவான். நாங்கள் நெடுந்தீவார். எங்களுக்கு வள்ளம் எண்டால் என்ன? பிள்ளைப்பேத்துக்கு யாழ்ப்பாணம் போறது, பிரேதம் கொண்டு வாறது, அலையடிக்கச் சத்தி எடுக்கிறது. அதில ஏறி இருந்து கோப்பி குடிக்கலாம் எண்டு எங்கட ஊரில ஒரு விசரனும் நினைச்சதில்லை. இவன் நினைச்சவன்.

அதுவும் கோடையில மட்டும் ஓடுற போட் எண்டாலும் பறவாயில்லை. இவன் தேடினது வருசம் முழுக்க உள்ள இருக்கக்கூடிய போட். பனிக்குள்ளயும் இருக்கலாமாம். குசினி, குளிக்கிற இடம், கட்டில், ஹீட்டர், கோடைக்கு ஏசி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பின்னேரம் போய், ஞாயிறு இரவைக்குத் திரும்புறதெண்டு யோசினை. வருசத்தில அம்பத்திரண்டு கிழமையும். நான் கேட்டன், எட தம்பி, மார்க்கம் ரவுணில மூண்டு அறை வீடு கிடக்க, உறைஞ்ச ஏரிக்க போய் ஏன் படுக்கிறாய்? அவன் சுகிர்தாவைப் பாத்தான். அவள் கோப்பை கழுவிக்கொண்டு நிண்டாள். எல்லாம் அவள் ஓதிக் குடுத்தது. வீட்டில இருந்து அவனைக் கிளப்பிறதுதான் அவளின்ர எண்ணம். வீட்டில என்ன குறை? நான் வந்து பதினாறு வருசம், அவையைத் தனிய விட்டு ஒரு இடம் நான் போனதில்லை. நயாகரா பாக்கப் போனால் நானும் போவன். அவையின்ர பத்தாவது கலியாண நாளுக்கு ஒரு விடுதியில அறை எடுத்தவை, அதுக்கும் போனனான். நல்ல பெரிய அறை.

போட் பாக்கப் போன நாளும் என்னைக் கூப்பிடேல்லை. மறந்துபோச்சினம். நான் வெள்ளன எழும்பி, வெளிக்கிட்டு, அவை வர முன்னமே காருக்க போய் இருந்திட்டன். தம்பி கார்க் கதவைத் திறந்து என்னைப் பாத்தவன். பிறகு ஏறிக் காரை எடுத்தவன். அப்பவெல்லாம் அவனுக்கு என்னில அவ்வளவு மரியாதை.

பெப்ரவரி மாசம், சிம்கோ ஏரி. ஏரி முழுக்க உறைஞ்சு வெள்ளையாக் கிடக்கு, அதுக்கு மேல ஆக்கள் வாகனம் ஓட்டுகினம். இந்தப் போட்டைச் சுத்தி மட்டும் கறுப்புத் தண்ணி. அடியில ஒரு மெசின் குமிழி விட்டுக்கொண்டே இருக்குமாம், ஐஸ் பிடிக்காதாம். உள்ள போனால், பிள்ளை, வெளியில மைனஸ் பதினெட்டு, உள்ள வெறும் சேட்டோட இருக்கலாம். நிலம் காலுக்கு இதமா இளஞ்சூடு. சுவர் முழுக்க மரம். கோர்டன் தச்சுவேலைக்காரனாம், வெறும் கூட்டை வாங்கி உள்வேலை முழுக்கத் தானே செய்தவனாம், தனக்கும் மனுசிக்கும். யன்னல் எல்லாம் ரெட்டைக் கண்ணாடி. கதவைச் சாத்தினால் ஒரு துளி காத்து உள்ள வராது, வெளியில போகாது. அதைச் சொல்லேக்க அந்தக் கிழவனுக்குப் பெருமை எண்டால் அப்பிடி ஒரு பெருமை. மனுசிக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சுபோச்சாம், இனிப் படி ஏறி இறங்க ஏலாதாம், அதுதான் விக்கிறாராம். சுவரைத் தடவித் தடவிச் சொன்னவன். நடிப்பு.

நான் தம்பியிட்டச் சொன்னன், இதுக்க ஆரும் செத்ததோ எண்டு கேள். அவன் கேக்கமாட்டன் எண்டிட்டான். பிறகு நானே எனக்குத் தெரிஞ்ச இங்கிலீசில கேட்டன். கிழவன் சிரிச்சுப்போட்டு, ஆக்கள் ஒருத்தரும் இல்லை, ஒரு பூனை மட்டும், எண்டான். பூனை! பாத்தியளே? நான் கேளாமல் விட்டிருந்தால் அதையும் மறைச்சிருப்பான். பூனை செத்த இடத்தை ஆரும் பால் காய்ச்சாமல் எடுக்கிறதோ? அந்த நேரமே நான் தீர்மானிச்சிட்டன்.

போட் வாங்கிற கடுதாசி எழுதப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. பத்தரைக்கு வரச் சொல்லியிருக்கிறான் கோர்டன். வெள்ளிக்கிழமை பத்தரையில இருந்து பன்ரெண்டு ராகுகாலம் எண்டு அவனுக்கு ஆர் சொல்லுறது? நான் தம்பியின்ர பேனையைப் பறிச்சு என்ர கைப்பைக்க வைச்சுக்கொண்டு இருந்திட்டன். ஒண்டரை மணித்தியாலம். கிழவன் ரீ போட்டுத் தந்தவன், பிஸ்கட் தந்தவன், தன்ர மனுசியின்ர படம் காட்டினவன். தம்பிக்கு முகம் சிவந்துபோச்சு. குளிருக்கு. சரியாப் பன்ரெண்டு ரெண்டுக்குப் பேனையைக் குடுத்தன்.

இப்ப அந்தக் கட்டில் விசயத்தைக் கேளுங்கோ, அப்பதான் உங்களுக்கு அந்தக் கிழவன் ஆரெண்டு விளங்கும். நாங்கள் முதல் பாக்கப் போகேக்க, முன்பக்கம் ரெண்டு பேர் படுக்கிற பெரிய கட்டில் ஒண்டு. நடுவில, குசினிக்கு முன்னால, பக்கச் சுவரோட ஒராள் படுக்கிற சின்னக் கட்டில் ஒண்டு. நான் அதில இருந்து பாத்தனான், படுத்தும் பாத்தனான். இது எனக்கு, எண்டு சொன்னன். எல்லாருக்கும் கேக்கச் சொன்னன். ஏப்பிரலில பொறுப்பெடுக்கப் போறம், கட்டில் இல்லை! அந்த இடத்தில தட்டுத் தட்டா அலுமாரி. நான் விடுவனோ? கிழவனைப் பிடிச்சுக் கேட்டன், காசையும் வாங்கிக்கொண்டு கட்டிலைக் கழட்டினது என்ன நியாயம் எண்டு. அவன் முழிசிறான். வாங்கிறவர்தான் கழட்டச் சொன்னவர், அலுமாரி செய்து தரச் சொல்லிக் கேட்டவர், எண்டுறான். என்ர தம்பியிலயே பழியைப் போடுறான், என்ர முகத்துக்கு முன்னால! தம்பி நிலத்தைப் பாத்துக்கொண்டு நிண்டவன். பாவம், ஏமாந்துபோனனே எண்டு வெக்கம். சுகிர்தா வெளியில போயிட்டாள். நான் சொன்னன், கவலைப்படாதை ராசா, நான் உங்கட கட்டிலுக்குப் பக்கத்தில நிலத்தில பாய் போட்டுப் படுக்கிறன், நிலம் சூடுதானே.

அண்டைக்குக் கோர்டன் ரெண்டு மணித்தியாலம் பாடம் எடுத்தவன். ஒரு தடிச்ச கொப்பி, அதில எல்லாம் எழுதியிருக்கு, படம் கீறியிருக்கு. தம்பி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டு நிக்கிறான். காஸ் எண்டது காத்தை விடப் பாரமாம். வீட்டில எண்டால் கசிஞ்சாலும் எங்கையாவது போயிடுமாம், போட்டில கீழ இறங்கி, நிலத்துக்கு அடியில தண்ணி மாதிரித் தேங்கி நிக்குமாம். சமைச்சு முடிய அடுப்பை மட்டும் இல்லை, வெளியில சிலிண்டரையும் பூட்ட வேணுமாம். அடுப்புப் பழசு, நெருப்பு அணைஞ்சு நூந்தாலும் காஸ் தானா நிக்காதாம். நிலத்தோட ஒரு சின்னப் பெட்டி, காஸ் மணந்தால் கத்துமாம். தம்பி இதை எனக்கு ரெண்டு தரம் தமிழில சொன்னவன். நான் என்ன பச்சைப் பிள்ளையோ? அடுப்புக்கு மேல கிழவன் ஒரு மட்டையிலயும் எழுதி ஒட்டியிருந்தவன், சிவப்பு எழுத்தில. கிழக்குப் பாத்த சுவர் அது ஒண்டுதான். நான் அந்த மட்டைக்கு மேலயே பிள்ளையார் படத்தை ஒட்டினனான். அந்த மட்டையைப் பற்றி இப்ப எல்லாரும் கேக்கினம். ஏன், பிள்ளையாரை நான் கக்கூசுக்கயோ ஒட்டுறது?

மே மாசம், மூண்டு நாள் லீவு வரும் பாருங்கோ, அந்தச் சனிக்கிழமை. தம்பிக்குப் பால் காய்ச்சிறது விருப்பமில்லை. அக்கா, இது வள்ளம், வீடு இல்லை, எண்டவன். நான் கேட்டன், கட்டில் இருக்கோ? இருக்கு. குசினி இருக்கோ? இருக்கு. மழை பெய்தால் நனையாமல் இருக்கலாமோ? அப்ப வீடுதான். ஊரில வள்ளத்துக்கு ஆரும் பால் காய்ச்சிறேல்லைத்தான், ஊர் வள்ளத்தில பூனை செத்ததோ, ஏசி இருந்ததோ? சுகிர்தா சொன்னாள், மச்சாள், வெளியில கரையில வைச்சுக் காய்ச்சுவம், எண்டு. வீட்டுக்குப் பால் காய்ச்சிறதை ரோட்டில வைச்சுக் காய்ச்சுற குடும்பத்தில பிறந்தவள். உள்ளுக்கத்தான் எண்டு நான் சொல்லிப்போட்டன்.

புதுச் சட்டி, புது அகப்பை, குத்துவிளக்கு, எல்லாம் நான் வாங்கினது. முதல் மூலை முடுக்கெல்லாம் சாம்பிராணி காட்டினன், பூனைக்காகக் கொஞ்சம் கூடவே. உடனே அந்தப் பெட்டி கத்தத் தொடங்கிச்சுது. பீ, பீ, பீ எண்டு, காது வெடிக்கிற மாதிரி. நல்ல காரியத்தில அழுகுரல் கேக்கலாமோ? தம்பி, உதை நிப்பாட்டு, எண்டன். அக்கா, அது கிடக்கட்டும், கதவைத் திறந்து விட்டால் தானா நிக்கும், எண்டவன். கதவைத் திறந்தால் விளக்கு நூந்துபோம். நேரமோ போகுது, சுபநேரம் முடிய இன்னும் பதினைஞ்சு நிமிசம். நான் குனிஞ்சு ஒரு இழுவை. வயரோட கையில வந்திட்டுது. இவ்வளவு லேசா வாறதெண்டால் கிழவன் எப்பிடிப் பூட்டியிருக்கிறான் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. இழுத்து அந்த அலுமாரிக்க வைச்சன்.

பால் எப்பிடிப் பொங்கினது தெரியுமோ! நாலு பக்கமும். கிழக்காலதான் முதல் வழிஞ்சது. எனக்குக் கண்ணில தண்ணி வந்திட்டுது, பிள்ளை. அம்மா இருந்திருந்தால் எண்டு நினைச்சன். வழிஞ்ச பாலில அடுப்பு உஸ் எண்டு நூந்துபோச்சு. நான் சட்டியை இறக்கி வைச்சிட்டு அப்பிடியே விட்டன். மங்கலத்துக்கு மூட்டின அடுப்பை எங்கட வீட்டில கையால நூக்கிறேல்லை. அம்மாவும் அப்பிடித்தான், விறகு தானா எரிஞ்சு அடங்க விடுவா. பொங்கின அடுப்பில கை வைச்சுத் திருகினால் குடும்பம் என்னத்துக்கு ஆகும்? நூந்தது நூந்ததுதானே.

பிறகு எல்லாரும் வெளியில, போட் கட்டியிருக்கிற மரத்தட்டுக்கு வந்து, வீட்டில பொங்கிக் கொண்டு வந்த சக்கரைப் புக்கை சாப்பிட்டம். விளக்கு உள்ள எரியுது, காத்துப் படாமல் யன்னல் கதவெல்லாம் நானே வடிவாச் சாத்திப்போட்டு வந்தனான். அந்தக் கிழவன்தான் சொன்னவனே, ஒரு துளி காத்துப் போகாதெண்டு. அரை மணித்தியாலம் இருக்கும். ஏரிக்காத்து குளிரத் தொடங்கிச்சுது. நான் ஒருத்தரிட்டயும் ஒண்டும் கேக்கேல்லை. தோளைத் தேச்சுக்கொண்டு, குளிருது, எண்டு மட்டும்தான் சொன்னனான். அவள் சுகிர்தாதான், மச்சாளுக்குக் குளிருதாம், உள்ள கிடக்கிற சால்வையை எடுத்துக்கொண்டு வாங்கோ, எண்டு அவனை அனுப்பினவள். அவள்தான் அனுப்பினது. நான் இதை ஆஸ்பத்திரியில எல்லாருக்கும் முன்னால சொன்னனான். ஏன், தான் எழும்பிப் போயிருக்கலாமே?

சாம்பிராணி மணத்துக்க அவனுக்குக் காஸ் மணக்கேல்லை. ஒரு சத்தம். பெரிய சத்தமும் இல்லை, பாரமான கதவை ஆரோ அடிச்சுச் சாத்தின மாதிரி. யன்னல் முழுக்க வெளியில வந்து தண்ணிக்க விழுந்தது. அவன் ரெண்டு கையையும் முன்னால நீட்டிக்கொண்டு படியால ஏறி வந்தவன். கையால முகத்தை மூடினபடியால முகம் தப்பினது. சால்வை கையோட ஒட்டிப்போச்சு. உருகி ஒட்டிப்போச்சு, பிள்ளை, பிரிக்க ஏலேல்லை. சுகிர்தா வாங்கித் தந்த சால்வை அது, நைலோன். பருத்தியில வாங்கியிருந்தால் உருகியிருக்குமோ? ஒரு நல்ல சால்வை வாங்கத் தெரியாதவள். அவன் கத்தவும் இல்லை. மரத்தட்டில முழங்காலில இருந்து என்னைப் பாத்தவன். என்னைத்தான் பாத்தவன். அந்தப் பார்வை எனக்கு இப்பவும் நித்திரைக்க வரும்.

அவன் கார் திருத்துறவன். இருவது வருசமா அந்தக் கைதான் சோறு போட்டது. இப்ப ஒரு கரண்டி பிடிக்க ஏலாது. நான் ஊட்டிவிடப் போனால் வாயை மூடிக்கொள்ளுவான். சுகிர்தா வேலையால வருமட்டும் சாப்பிடாமல் இருப்பான். அவ்வளவு பிடிவாதம். அம்மாவின்ர குணம்.

பிறகு இன்சூரன்சில இருந்து விசாரிக்க ஒருத்தன் வந்தான். அந்தப் பெட்டி எங்க எண்டு கேட்டான். நான் சொன்னன், அது ஒரு நாளும் வேலை செய்யேல்லை, விக்கேக்கையே உடைஞ்சுதான் கிடந்தது, எண்டு. பிறகென்ன சொல்லச் சொல்லுறியள்? ஒரு பிறத்தியான் தப்புறதுக்காக நான் என்ர தலையைக் குடுக்கிறதோ? கட்டிலைக் கழட்டினவன் பெட்டியையும் கழட்டியிருப்பான் எண்டு ஆரும் நம்புவினம். இப்ப இன்சூரன்சுக்காரர் கோர்டனில வழக்குப் போட்டிருக்கினம். நல்ல வேலை. அவன்ர கொப்பி, படம், எல்லாத்தையும் கொண்டு போய்க் காட்டட்டும்.

ஆனா தம்பி என்ன செய்தவன் தெரியுமோ? ஆஸ்பத்திரிக் கட்டிலில கிடந்துகொண்டு, அக்காதான் இழுத்துக் கழட்டினவ, நான் கண்ணால கண்டனான், எண்டு அந்த ஆளுக்குச் சொல்லியிருக்கிறான். மருந்து மயக்கம். நோவுக்கு ஊசி போட்டுப் போட்டு மூளை கலங்கிப்போச்சு. மயக்கம் தெளிஞ்ச பிறகும் அதையேதான் சொல்லுறான். பேனை பிடிக்க ஏலாது, சுகிர்தாவைக் கொண்டு எழுதுவிச்சு, கோர்டனுக்காகக் கடுதாசி குடுத்திருக்கிறான். கிழவன் ஒரு நாள் பூங்கொத்தும் கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவன். நான் வாசலிலயே பறிச்சுக் குப்பைக்க போட்டன். அப்ப தம்பி உள்ளுக்கிருந்து, அவரை உள்ள விடுங்கோ, எண்டு கத்தினவன். அதுதான் எனக்கு முன்னால அவன் கதைச்ச கடைசி. அதுவும் எனக்குச் சொன்னதோ நேர்சுக்குச் சொன்னதோ தெரியேல்லை. கிழவன் உள்ள போய், கட்டிலுக்குப் பக்கத்தில இருந்து ரெண்டு பேரும் அழுதவை. ஒரு பிறத்தியானோட அழுகிறான். நான் வெளியில கதிரையில.

இப்ப சுகிர்தா ஒரு படிவம் கொண்டு திரியிறாள். வயசு போனவை இருக்கிற கட்டடமாம், தமிழ் ஆக்கள் கனபேர் இருக்கினமாம், கோயில் பக்கத்திலயாம். எனக்கென்ன வயசு போச்சு, அறுவத்தொண்டு! முதல் தந்ததை நான் கிழிச்சுப்போட்டன். அவள் இன்னொண்டு கொண்டு வந்தாள். நான் அவளின்ர முகத்துக்கு நேர சொன்னன், இது உன்ர வீடு இல்லை, என்ர தம்பியின்ர வீடு. அவன் தன்ர வாயால, என்னைப் பாத்து, அக்கா போங்கோ எண்டு சொல்லட்டும், அடுத்த நிமிசம் போறன். சொல்லுவானோ? அவன்தான் கதைக்கிறேல்லையே, பிறகெப்பிடிச் சொல்லுறது?

ஆனா பிள்ளை, உள்ளதைச் சொல்லுறன். சில நேரம் நான் சாப்பாட்டு மேசையில இருந்து வேணுமெண்டே உப்பைக் கூடப் போட்டு வைப்பன். உப்புக் கூடிப்போச்சு அக்கா எண்டாவது சொல்லுவான் எண்டு. சுகிர்தா ஊட்ட ஊட்ட முழுதையும் சாப்பிட்டிட்டு எழும்பிப் போவான்.

இஞ்ச நான் வாறதும் அதுக்குத்தான். வீட்டில இருந்து ஒராள் உள்ள வந்து, அந்த விரலுகளை எப்பிடி எண்ணெய் போட்டு நீவி மடக்கிறதெண்டு பழக வேணுமாம். நான் ஏழு கிழமையா வாறன். ஒவ்வொரு தரமும் உள்ள போகேக்க எழும்பி நிப்பன், அவன் பாக்காமல் தனியப் போவான். அந்தா, கூப்பிடுகினம். பாருங்கோ, இப்பவும் பாருங்கோ, நான் எழும்பி நிக்கிறன். பாத்தியளே? போயிட்டான். கதவையும் சாத்தியாச்சு.

உங்களுக்கு அண்ணன் தம்பி இருக்கினமோ? ஒரு அண்ணனோ? கதைக்கிறவரோ? ஒவ்வொரு நாளுமோ? பெரிய விசயம்தான். பெருமைப்படாதேங்கோ, நாளைக்கு அவருக்கு ஒரு பெண்சாதி வருவாள். அதுக்குப் பிறகு சொல்லுங்கோ.

நான் பிழை விட்டனானோ? சொல்லுங்கோ பாப்பம். பால் பொங்க வைச்சது பிழையோ? அவன் நல்லா இருக்க வேணுமெண்டுதானே. இல்லை, நீங்கள் சொல்ல வேண்டாம். உங்களுக்கு வெங்காயமே வெட்டத் தெரியாது.

இண்டைக்கு வெள்ளனவே விட்டிட்டினம். வெளியில வாறான். வழமையா நேர வாசலுக்குத்தான் போவான். பொறுங்கோ. பிள்ளை, இஞ்சதான் வாறான். என்ர தலை கலைஞ்சு கிடக்கோ? சால்வை சரியோ? தள்ளி இருங்கோ, அவனுக்கு இடம் விடுங்கோ.

என்னடா ராசா?

ஓம்.

ஓமடா, கேக்குது.

சனிக்கிழமையோ? எத்தினை மணிக்கு?

சரி. சரியடா. நீ போய் பஸ்தரிப்பில நில்லு, இந்தப் பிள்ளையிட்டச் சொல்லிப்போட்டு நான் வாறன்.

கேட்டனீங்கள்தானே? பக்கத்திலதானே இருந்தனீங்கள். அக்கா எண்டவன். அக்கா, அந்தக் கட்டடத்தில உங்களுக்கு அறை எடுத்தாச்சு, சனிக்கிழமை ஒன்பது மணிக்கு வான் வருது, சாமானைக் கட்டி வையுங்கோ, அடுத்த கிழமையில இருந்து நீங்கள் இஞ்ச வர வேண்டாம், எண்டவன். ஒரு சொல்லு ரெண்டு சொல்லு இல்லை, எவ்வளவு கதைச்சிட்டான்! குரல்தான் கொஞ்சம் அடைச்சுக் கிடக்கு. கன நாள் என்னோட கதையாத குரல், அப்பிடித்தான் இருக்கும். சுகிர்தாவைச் சொல்ல விடேல்லை பாத்தியளோ? தானே வந்து, எனக்கு முன்னால நிண்டு, என்ர முகத்தைப் பாத்துச் சொன்னவன். அழாதேங்கோ பிள்ளை, உங்களுக்கு என்ன விசரே? அவன் என்னோட கதைச்சிட்டான்.